தூணில் இடித்தது என் கையல்ல

மகனே,

போன மாதம் கோலாலம்பூர் அம்பாங்கிலிருந்து ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மரியாதையான குரல். "ஆன்டி, காரை எப்ப வந்து பாக்கலாம்? நீங்க ஓட்டுறத நிறுத்திட்டீங்கன்னு உங்க மகன் சொன்னாரு. நல்ல வெலைக்கு எடுத்துக்கிறேன்," என்றார். அப்போது நான் சமையலறையில் நின்று ஒரு ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். துணி காயவேண்டும் என்பதற்காக அல்ல. என் கைகளில் இன்னும் வலு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. வீட்டு வாசல் தூணில் கார் இடித்த நாளிலிருந்து அந்தச் சோதனையைத் தினமும் செய்துவந்தேன். ஊறுகாய் ஜாடிகளை இறுக மூடித் திறந்தேன். மருத்துவரிடம் போய் விரல்களை நீட்டி மடக்கிக் காட்டினேன். அவர் என் வயதைக் கேட்டார், கையைக் குலுக்கினார், "வலிக்குது, விடுங்க," என்று சிரித்தார். அப்படியும் நான் அவரை நம்பவில்லை. உன்னை நம்பினேன். இந்தக் கடிதத்தில் நான் வெட்கப்பட்டு ஒப்புக்கொள்ளும் விஷயம் இது ஒன்றுதான்.

இதை ஏன் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். "அம்மா இனி கார் ஓட்டமாட்டார், எல்லாரும் புரிந்துகொள்ளுங்கள்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ அறிவித்தபோது அதை எல்லாரும்தான் படித்தார்கள். உன் சித்தப்பா கைகூப்பும் படம் போட்டார். ஈப்போவிலிருக்கும் உன் அத்தை "வயசானா அப்படித்தான்" என்று எழுதினாள். அவள் என்னைவிட மூத்தவள். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீர்ப்பு பொதுவில் வந்தது. மேல்முறையீடும் பொதுவில் நடக்கட்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் திருமணப் படங்களுக்காக நம் பழைய பச்சைக் காரை அழகுபடுத்துகிறேன் என்று சிங்கப்பூரிலிருந்து வந்து கொண்டுபோனாய். உன் அப்பாவுக்கும் எனக்கும் மணமான இரண்டாம் ஆண்டில் நான் வாங்கிய கார் அது. ஸ்ரீ கெம்பாங்கானில் கடை வைத்திருக்கும் உன் நண்பன் அதற்கு அகலமான ரிம், அகலமான டயர், குட்டையான ஸ்பிரிங், சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சின்ன ஸ்டீயரிங் சக்கரம் எல்லாம் மாட்டி அனுப்பினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. கடைசிவரை திருப்பினால் டயர் மட்கார்டில் உரசிக் கரகரவென்று அலறியது. உன்னிடம் சொன்னேன். நீ மறுபடியும் அந்தக் கடைக்கே கொண்டுபோனாய். மாலையில் கார் திரும்பி வந்தது. உரசல் நின்றிருந்தது. "பாத்தீங்களா, சரி பண்ணியாச்சு," என்றாய். அந்த வாரமே, பிரிக்பீல்ட்ஸில் நம் சந்திலிருந்து வீட்டு வாசலுக்குள் எப்போதும் போல ஒரே திருப்பில் நுழைய முயன்றேன். வலப்பக்கத் தூணில் போய் இடித்தேன்.

நீ வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஓடி வந்தாய்; அதற்கு நன்றி. கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தாய், அதற்கும் நன்றி. அதன்பின் என் கைகளைப் பார்த்தாய். "அம்மா, போதும்மா. கைல வலு இல்ல. முழுசா திருப்ப முடியல உங்களால," என்றாய். காரை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்பாங்காரரின் அழைப்புக்கு வருவோம். அவரிடம் நான் சொன்னது இதுதான்: "கார் விற்பனைக்கு இல்லை. என் மகனை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்." அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தொலைபேசியை வைத்துவிட்டார். நான் ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுச் சரோஜாவைக் கூப்பிட்டேன். பெரிய மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள், ஆண் நோயாளிகளைத் தனியாளாகப் புரட்டிப் படுக்கவைத்தவள், அவள் கை வலுவில் உனக்கும் ஐயம் இருக்காது என்று நினைக்கிறேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது உனக்கு நினைவிருக்கிறதா? பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு அரசாங்கச் சாலைப் பிரிவில் வளைவுகள் வரைந்தேன். ஒரு லோரி திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டும், பேருந்தின் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட எவ்வளவு உள்ளே வெட்டிப் போகும் என்று கணக்குப் போட்டே தலை நரைத்தவள். அப்படிப்பட்ட நான், என் சொந்தக் கார் ஏன் திரும்பவில்லை என்று காரிடம் கேட்காமல் ஊறுகாய் ஜாடியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மகன் சொன்னான் என்பதற்காக.

நம் தேவாலயத்தின் பின்னால் இருக்கும் திடலுக்குக் காரை மெதுவாக ஓட்டிப் போனோம். பூப்பந்து ஆடுகளத்தின் கோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே நான் எத்தனையோ ஆண்டுகளாக ஒரே சுற்றில் காரைத் திருப்பியிருக்கிறேன். நீ பின்னிருக்கையில் படுத்துக்கொண்டு "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று கத்திய இடம் அது. ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துவிட்டு ஊர்ந்தேன். சரோஜா கோலமாவு டப்பாவோடு வெளிப்பக்கச் சக்கரத்தை ஒட்டி நடந்து, அது போகும் வழியில் மாவைத் தூவிக்கொண்டே வந்தாள்.

"அக்கா, நெறைய பேரு பாக்குறாங்க. மார்கழி முன்னாடியே வந்துருச்சான்னு நெனைக்கப் போறாங்க."

"பார்க்கட்டும். நீ மாவை விடாமல் போடு."

மாவு வட்டம் பூப்பந்துக் கோட்டைத் தாண்டிப் போயிற்று. நான் இறங்கிச் சரோஜாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, முடிந்த மட்டும் திருப்பச் சொன்னேன். அவள் பல்லைக் கடித்துத் திருப்பினாள். 'டக்' என்று நான் நின்ற அதே இடத்தில் அவளும் நின்றாள். "இதுக்கு மேல போக மாட்டேங்குதே. சுவத்துல முட்டுன மாதிரி நிக்குது," என்றாள். வலுவில்லாத கை பாதியில் சோர்ந்து நிற்கும். சுவரில் முட்டுவதுபோல் நிற்காது. உள்ளே ஏதோ தடுக்கிறது என்பது எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. அது எவ்வளவு நல்ல உணர்ச்சி என்பதை நான் கொஞ்ச நாளாக மறந்திருந்தேன்.

மறுநாள் சரோஜாவோடு கூட்டரசு நெடுஞ்சாலையில், இடது ஓரமாக, கிள்ளானில் ரவி என்பவன் நடத்தும் பட்டறைக்குப் போனேன். ரவிக்கு உன் வயதுதான் இருக்கும். உன்னைப் போலவே என்னைப் பார்த்ததும் முதலில் என் நரைமுடியைத்தான் பார்த்தான். "ஆன்டி, யாராச்சும் ஓட்டிட்டு வந்திருக்கலாமே?" என்றான். நான் ஓட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன் என்றேன். காரைத் தூக்கி, கீழே படுத்து, ஸ்டீயரிங் கம்பியின் முனையில் இருந்த ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தான்.

"அடப்பாவி. ஆன்டி, இங்க குனிஞ்சு பாருங்க. ரெண்டு பக்கமும் ரிங் போட்டு அடைச்சு வச்சிருக்கான். சக்கரம் முழுசா திரும்புனாதானே ஒரசும்? திரும்பவே விடல. திரும்புறது பாதியா போச்சு லா."

"பாதியெல்லாம் இல்லை. என் வாசல் தூணில் இடிக்கும் அளவுக்கு."

உன் நண்பன் உரசலைச் சரிசெய்யவில்லை, மகனே. என் திருப்பத்தைக் குறைத்தான். குறைத்ததை என்னிடம் சொல்லவுமில்லை. உனக்கு அது தெரிந்திருந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் சத்தம் நின்றது எப்படி என்று நீ கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டாய். பிறகு அதே கார் தூணில் இடித்தபோது, அண்மையில் மாற்றப்பட்டது எது என்று யோசிக்கவில்லை. அண்மையில் கிழடானது யார் என்று யோசித்தாய்.

ரவி நல்லவன்தான். ஆனால் அவனும் சுலபமான வழியைத்தான் முதலில் காட்டினான். "அப்படியே விட்டுடுங்க ஆன்டி. நீங்க என்ன ரேஸுக்கா போறீங்க? வாசல்ல ஒரு தடவ ரிவர்ஸ் எடுத்து நுழைஞ்சா போச்சு." நான் அவனிடம், "தம்பி, நான் ரிவர்ஸ் எடுக்கக் கிள்ளான் வரைக்கும் வரலப்பா," என்றேன். அடுத்து, பழைய ரிம்மையே மாட்டிவிடலாம் என்றான். அதற்கும் நான் ஒப்பவில்லை. இதைக் கேட்டால் நீ வியப்பாய்: அந்த அகலச் சக்கரங்கள் எனக்குப் பிடித்துவிட்டன. மழையில் நெடுஞ்சாலையில் கார் தரையைப் பிடித்துக்கொண்டு போகிறது. கிழவி என்றால் பழையதைத்தான் கேட்பாள் என்று நீயும் ரவியும் எப்படியோ ஒரே மாதிரி முடிவுகட்டியிருந்தீர்கள். சக்கரம் இருக்கட்டும், திருப்பமும் இருக்கட்டும், உரசல் மட்டும் போகட்டும் என்றேன். "மூணும் எப்படி ஆன்டி?" என்றான். எங்கே உரசுகிறது என்று முதலில் கண்டுபிடிப்போம் என்றேன்.

வளையங்களைக் கழற்றினான். சரோஜா மிச்சமிருந்த கோலமாவைத் தண்ணீரில் குழைத்து, மட்கார்டின் உட்புறம் முழுக்கப் பூசினாள். டயர் தொடும் இடத்தில் மாவு வழிக்கப்பட்டுப் போகும். எங்கே என்று கண்ணால் காணலாம். ரவி தலையில் கைவைத்துக்கொண்டு, "அக்கா, காருக்கு நலங்கா வைக்கிறீங்க?" என்றான். "கல்யாணக் காரு தம்பி, வச்சா என்ன?" என்றாள் அவள். ரவி தனியாக ஏறி, பட்டறை முற்றத்தில் இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிச் சுற்றிவந்தான். மாவு ஓரிடத்தில் இலேசாகக் கலைந்திருந்தது. "அவ்ளோதான் ஆன்டி, சின்ன வேல," என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்ததை எப்படிச் சோதனை என்று ஏற்பது? நம் வீட்டில் எந்தக் கார் காலியாகப் போயிருக்கிறது? பின்னிருக்கையில் மூன்று பேர், மடியில் ஒரு பிள்ளை, பிள்ளையின் மடியில் பிரியாணிச் சட்டி, பின்பெட்டியில் யாருக்கோ கொடுக்கவேண்டிய தேங்காய், இப்படித்தானே நாம் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே போய்வந்திருக்கிறோம்? ஏற்கெனவே குட்டையாக்கப்பட்ட ஸ்பிரிங் அந்தப் பாரத்தில் இன்னும் அமுங்கும். மட்கார்டு டயரின்மேல் இறங்கும். உன் நண்பனும் தனியாகத்தான் ஓட்டிப் பார்த்திருப்பான். ஆகவே எனக்குப் பாரம் தேவைப்பட்டது. கிள்ளானில் இப்போது நான் கூப்பிடக்கூடிய ஒரே வீடு உன் மாமியார் வீடாகப்போகிற வீடு. கிரேஸை அழைத்தேன்.

ஆம், உன் கிரேஸ்தான். விடுப்பில் வீட்டில் இருந்தாள். தாயையும் அழைத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் தாராளமான உடம்புக்காரர், தாராளமான மனசுக்காரரும்கூட. பின்னிருக்கையில் ஏறும்போது, "சம்பந்தி, என்னைய மூட்டைன்னு நெனச்சா கூப்பிட்டீங்க?" என்றார். "ஆமாம்," என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கார் ஒருமுறை குலுங்கியது. சரோஜாவும் கிரேஸும் அவருக்கு இரண்டு பக்கமும். ரவி முன்னால், என் பக்கத்தில். நான் ஓட்டினேன். பட்டறை வாசலில் இருக்கும் வாய்க்கால் மூடியின்மேல் ஒரு சக்கரம் ஏறி இறங்க, முழுத் திருப்பில் சாலைக்குள் நுழைந்தேன். கரகரவென்று அந்தப் பழைய அலறல். கிரேஸ் காதைப் பொத்திக்கொண்டு, "ஆன்டி, இந்தச் சத்தத்துக்காகவா ஸ்டீயரிங்க கட்டிப் போட்டாங்க? இத என்கிட்ட அவர் சொல்லவே இல்லையே. உங்களுக்குக் கை நடுங்குதுன்னுதான் சொன்னார்," என்றாள். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துப் பின்னால் நீட்டினேன். அவள் அதைப் பிடித்துப் பார்த்தாள். நடுங்கவில்லை. "ஆன்டி, ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல," என்று ரவி அலறினான். அவன் சொன்னது சரிதான்.

இறங்கிப் பார்த்தோம். மாவு சொன்னது தெளிவாக இருந்தது. இடப்பக்க மட்கார்டின் உள்ளே, பின்புறக் கீழ்ப்பகுதியில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மாவே இல்லை. அது முழுத் திருப்பில் உரசிய இடம். மேலே, மட்கார்டின் உள்நோக்கி மடிந்த விளிம்பில் இன்னொரு கோடு. அது மேடேறும்போது கடித்த இடம். ஒருவர் மட்டும் ஓட்டியபோது இரண்டாவது தெரியவே இல்லை. ரவி குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் வாதாடவில்லை. நானும் அவனிடம் வாதாடவில்லை. அதே ரிம்மில் சற்றுக் குறுகலான டயர் என்றான் அவன். ஸ்பிரிங்குக்கு அடியில் தடித்த வட்டு வைத்துக் காரைக் கொஞ்சம் உயர்த்து என்றேன் நான். விளிம்பைச் சூடுகாட்டி, பெயின்ட் வெடிக்காமல் உருளையால் மேலே படிய மடித்தான். சிறிய ஸ்டீயரிங்கைக் கழற்றி, கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளோடு பரணில் கிடந்த பழைய பெரிய ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்து கொடுத்து மாட்டச் சொன்னேன். வட்டம் பெரிதானால் அதே கைக்கு அதிகப் பலன். இதை நீ பள்ளியிலேயே படித்துத் தேறியிருக்கிறாய். மூட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் வைத்தான். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளந்து சரிசெய்தான். அடுத்த வாரம் அதே பெண்கள், அதே வாய்க்கால் மூடி, அதே முழுத் திருப்பு. கிரேஸின் தாய் பின்னாலிருந்து, "என்ன, எல்லாரும் பேச்ச நிறுத்திட்டீங்க?" என்றார். நாங்கள் உரசலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதுவும் கேட்கவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு உன் பள்ளி வாசல் நினைவுக்கு வருகிறது. எட்டு வயதிருக்கும் உனக்கு. அம்மா ஓட்டுகிறார், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார் என்று பையன்கள் கேலி செய்தார்கள். பள்ளி வாசல் வரைக்குமாவது அப்பா ஓட்டட்டும் என்று நீ அழுதாய். உன் அப்பா தாளை மடிக்காமலேயே சொன்னார்: "டேய், எனக்கு ஓட்டத் தெரியும். அவளுக்கு நல்லா ஓட்டத் தெரியும். நீ பத்திரமா போகணுமா, பெருமையா போகணுமா?" நீ பதில் சொல்லாமல் இறங்கி ஓடினாய். அந்தக் கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. வாட்ஸ்அப்பில் நீ போட்ட அறிவிப்பில் என் பாதுகாப்பைப் பற்றிய அக்கறை இருந்தது, மறுக்கவில்லை. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. என் ஓட்டுநர் இருக்கையை ஒருவழியாகக் காலியாக்கிவிட்டோம் என்ற நிம்மதி. வரிகளுக்கு நடுவே அதைப் படிக்க எனக்குத் தெரியும். உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

நான் சாகாவரம் கேட்கவில்லை. ஒருநாள் என் கை தளரும், கண் மங்கும். அன்றைக்கு நானே நிறுத்துவேன், நீ சொல்லவேண்டியிருக்காது. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கோளாறில்லாத காரில் என்னை உட்காரவைத்துப் பார்த்துச் சொல்லவேண்டும். இருக்கும் திருப்பத்தை அடைத்துவிட்டு, திரும்பத் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது. கல்யாணத்துக்கு நிற்கும் மகனுக்குத் தாய் அறிவுரை சொல்வது வழக்கம். ஆகவே இதையும் ஏதோ இல்லறத்துக்கான உவமை என்று எடுத்துக்கொண்டு நீ தலையாட்டுவாய். வேண்டாம். நான் சக்கரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். கிரேஸுக்குத் தோன்றினால் அவள் வேறு பொருள் எடுத்துக்கொள்ளட்டும். அவள் பின்னிருக்கையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டவள்.

கடைசியாக, திருமண நாளைப் பற்றி. பெண்ணை அழைத்துவர மாப்பிள்ளை வீட்டுக் கார்தான் போகவேண்டும் என்பது முறை. நீ நீளமான வெள்ளைக் கார் ஒன்றை வாடகைக்குப் பேசி வைத்திருந்தாய். கிரேஸ் அதை நேற்று வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உன்னிடம் சொல்லும் வேலையை என்னிடம் விட்டிருக்கிறாள். பச்சைக் காருக்கு ரிப்பன் கட்டப்படும். ரிப்பன் டயரில் சிக்காதபடி எங்கே கட்டுவது என்பதைக்கூடச் சரோஜா மாவு வைத்துப் பார்த்துவிட்டாள். மாப்பிள்ளையின் தாய் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டாமா என்று உன் அத்தை கேட்பாள். உட்காருவேன், மணப்பெண்ணை இறக்கிவிட்ட பிறகு.

திருமணம் நடக்கும் தேவாலயத்தின் வாசல் குறுகலானது, நம் வாசலைப் போலவே. சாலையிலிருந்து ஒரே திருப்பில் நுழையவேண்டும். பின்னிருக்கையில் கிரேஸ், அவள் தாய், தந்தை மூவரும் இருப்பார்கள், முன்னால் சரோஜா இருப்பாள், முழுப் பாரம். நீ உள்ளே பீடத்தின் அருகே நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நம் வீட்டுத் தூணில் இடிபட்ட இடத்தை நான் இன்னும் பூசவில்லை, பூசவும் மாட்டேன். நீ வரும்போதெல்லாம் அதைப் பார்க்கவேண்டும். ஆனால் அந்தத் தேவாலயத் தூண்களில் ஒரு கீறலும் விழாது. உரசலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நில். எதுவும் கேட்காது. அப்போது தெரிந்துகொள்: உன் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு நான் வந்துசேர்ந்துவிட்டேன்.

உன் அம்மா